மதுரையிலிருந்து வேலை: வெளியூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து பணிபுரிவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை, பெங்களூரு, லண்டன், நியூயார்க் கம்பெனிகளுக்கு மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்தபடி வேலை பார்ப்பவர்கள் இன்று நிறைய. நானும் அப்படித்தான். திருநகரில் உட்கார்ந்து, நான்கைந்து ஊர்களில் சிதறிக் கிடக்கும் ஒரு சின்ன டீமை நடத்துகிறேன். தம்பி தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய கல்லூரி நண்பர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரில் இருந்து நல்ல சம்பளத்துக்கு வேலை பார்ப்பது நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய வசதி. அது கெட்டுப்போவதை நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கம்பெனியும் எழுதுவதில்லை, வீட்டிலும் சொல்லி வைப்பதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான்.

வீட்டிலிருந்து வேலை என்பது இனியும் நிலைக்குமா? எல்லாரும் ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்களே?

கூப்பிடுகிறார்கள், உண்மைதான். 2020 மார்ச் ஊரடங்கில் பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திரும்பப் போய்விட்டார்கள். டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் வர வேண்டும் என்றது.

ஆனால் இதை வைத்து 'வீட்டு வேலை முடிந்த கதை' என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வேலை ஓடாது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சீனாவின் டிரிப் டாட் காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறனோ பதவி உயர்வோ குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அது சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்ற ஹைபிரிட் முறை பற்றிய ஆய்வு, முழுநேரமும் வீட்டிலிருப்பது பற்றியது அல்ல என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கம்பெனி எந்த வகை என்பதை. தொடங்கிய நாளிலிருந்தே ஆபீஸ் இல்லாமல் நடக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே எல்லாமே எழுத்தில் இருக்கும், முடிவுகள் ஒரு இடத்தில் பதிவாகும். இன்னொரு வகை, கொரோனாவுக்காகப் பொறுத்துக்கொண்டு, எப்போது திரும்பக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கம்பெனி. இரண்டாவது வகையை நம்பி மதுரையில் வீட்டுக்கடன் போடாதீர்கள்.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

'பணியிடம்' என்ற வரியை. அங்கே 'சென்னை' என்று போட்டுவிட்டு, ஹெச்.ஆர். போனில் "நீங்க மதுரையிலயே இருந்துக்கலாம்" என்று சொல்வது எதற்கும் உதவாது. அந்த ஹெச்.ஆர். நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், லெட்டர்தான் மிஞ்சும். பணியிடம் மதுரை என்றோ, வீட்டிலிருந்து என்றோ எழுதி வாங்குங்கள். மாற்ற வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் இருக்கட்டும். மூன்று மாதமாவது கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது, வீடு பார்க்க வேண்டும்.

அடுத்தது வேலை நேரம், எந்த நாட்டு நேரப்படி என்பதோடு. பிறகு லேப்டாப் யாருடையது, நெட் செலவு யார் தருகிறார்கள், ஆபீசுக்கு வரச் சொன்னால் ரயில் கட்டணமும் தங்கும் செலவும் யார் கணக்கு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்.

இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடிதம் தரப்போகிறார்கள் என்றால் அதில் உள்ள வரிகளைப் பற்றிக் கேட்பதில் என்ன தவறு?

அமெரிக்க டீமோடு வேலை. உண்மையில் எத்தனை மணிக்கு உட்கார வேண்டியிருக்கும்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சேர்ந்துவிட்டு வருந்துபவர்கள் அதிகம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்கள் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நம் கடிகாரம் அசையாது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை நம் சாப்பாட்டு நேரம் மாறும். கலிபோர்னியா என்றால் அவர்களது காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. லண்டன் காலை ஒன்பது நமக்கு மதியம் ஒன்றரை அல்லது இரண்டரை; ஜெர்மனி அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் என்றால் நாம் காலை ஆறரைக்கே உட்கார வேண்டும்.

ஆக, நியூயார்க் நேரப்படி முழு எட்டு மணி நேரம் என்றால் குளிர்காலத்தில் விடிகாலை மூன்றரை வரை. மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் பெரியார் பஸ் நிலையம் பக்கம் சூடாக இட்லி கிடைக்கும்தான். அதற்காக நம் உடம்பும் தூங்காமல் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மேல்மாடியில் தகரக் கூரை போட்ட அறையில், சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப் பாருங்கள், தெரியும்.

'ஓவர்லேப்' எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அதாவது இரண்டு தரப்பும் ஒரே சமயத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டிய நேரம். இரண்டு, மூன்று மணி நேரம் போதும் என்கிற டீமில், மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி இரவு ஒன்பதரை, பத்துக்கு முடித்துவிடலாம். மிச்ச வேலையை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். முழு எட்டு மணி நேரமும் வேண்டும் என்பவர்கள் தேடுவது நைட் ஷிஃப்ட் ஆளை. அதை நைட் ஷிஃப்ட் என்றே ஒப்புக்கொண்டு அதற்கான அலவன்ஸையும் தரட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் மெசேஜ் அனுப்பினால் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

பிரான்சில் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

ஆனால் வேலை நேரத்துக்கு வரம்பே கிடையாது என்று அர்த்தமில்லை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அதற்கு இரட்டிப்புக் கூலி. மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஐ.டி. வேலையில் யார் ஊழியர், யார் மேலாளர் என்பது எப்போதும் சண்டைக்குரிய விஷயம்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போவது கடைசி வழி. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என் டீமில் உசிலம்பட்டியிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண், சேர்ந்த முதல் வாரமே எனக்கு இப்படி எழுதினார்: "சார், நான் காலை 10 முதல் இரவு 7 வரை இருப்பேன். 7 மணிக்கு மேல் மெசேஜ் பார்க்க மாட்டேன். சர்வர் விழுந்தால், கஸ்டமர் வேலை நின்றுபோனால் போன் பண்ணுங்கள், எடுப்பேன். மற்றதெல்லாம் காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன்." நான்கு வரி. அதற்குப் பிறகு அவருக்கு ராத்திரியில் போன் போக வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வந்தது. அவசரம் என்றால் என்ன என்பதை அவரே வரையறுத்துக் கொடுத்துவிட்டதால், எனக்கும் எது அவசரமில்லை என்று தெரிந்தது.

முக்கியமாக, முதல் வாரமே எழுதினார். ஆறு மாதம் எல்லா ராத்திரியும் பதில் போட்டுப் பழக்கிவிட்டு ஏழாவது மாதம் நிறுத்தினால், 'இவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது' என்றுதான் வருட மதிப்பீட்டில், அதாவது அப்ரைசலில் வரும்.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரியவர்களே சொல்கிறார்களே?

2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 70 மணி நேரம் என்றார், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்றார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். நான் இரண்டாவது கணக்கைத்தான் நம்புகிறேன்.

"வீட்லதான இருக்க, ஒரு எட்டு போயிட்டு வந்துரு" என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். கேஸ் சிலிண்டர் வந்தால் நீங்கள், ரேஷன் கடையில் பொருள் போட்டால் நீங்கள், அத்தையை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட நீங்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆதார் அட்டையில் முகவரி மாற்ற நீங்கள். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நம் ஊரில் வேலை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு வெளியே போவது. பனியனோடு கட்டிலில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருப்பவர் வேலையில் இருக்கிறார் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

அதனால் தெரியும்படி செய்யுங்கள். சட்டை போடுங்கள். கட்டிலை விடுங்கள். மேசை ஒன்று, நல்ல நாற்காலி ஒன்று, சாத்தக்கூடிய கதவு ஒன்று. கதவு சாத்தியிருந்தால் ஆபீசில் இருக்கிறேன், திறந்திருந்தால் கேட்கலாம் என்று வீட்டில் எல்லாரிடமும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். அந்த வாரத்தின் மீட்டிங் நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை என் அம்மாதான் இப்போது காவல் காக்கிறார். யாராவது வந்தால், "அவன் பதினோரு மணிக்கு மீட்டிங்ல இருக்கான், பன்னெண்டுக்கு வாங்க" என்று அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அதே சமயம், எதற்கும் அசையாத ஆளாகவும் ஆகிவிடாதீர்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பகலில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, மாலையில் ஈடுகட்டுங்கள், டீமிடமும் சொல்லிவிடுங்கள். அதற்காகத்தானே ஊருக்கு வந்தோம்? வருகிற வேலையையெல்லாம் அந்தந்த நிமிடமே எழுந்து செய்வதும், முன்கூட்டி நேரம் ஒதுக்கிச் செய்வதும் ஒன்றில்லை.

பெண்களுக்கு இது வசதியா, கூடுதல் சுமையா?

இரண்டும். பெண்கள் சொல்வதைக் கேட்டால் பல வீடுகளில் சுமைதான் கூடியிருக்கிறது. ஆபீசுக்குப் போகும் காலத்தில் காலை எட்டு மணியோடு அடுப்படியை விட்டுக் கிளம்பிய மருமகள், இப்போது பதினொன்றரை மணி மீட்டிங் முடிந்ததும் சோறு வடிக்கப் போக வேண்டியிருக்கிறது. அதே வீட்டில் மகன் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அவனுக்கு டீ உள்ளே போகிறது. இது கம்பெனி சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை. கணவன்தான் செய்ய வேண்டும், அதுவும் பேச்சில் இல்லாமல் மதியச் சமையலில். இதை வாசிக்கும் ஆண்கள் தங்கள் மனைவி, அக்கா, தங்கையின் மீட்டிங் நேரம் என்ன என்று இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தில் உள்ள சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியிடம்' என்ற சொல்லுக்குள் வீடும் அடங்கும். வீடியோ காலில் தகாத பேச்சு, ராத்திரியில் வரும் தகாத மெசேஜ் ஆகியவற்றைப் பற்றியும் புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள்.

கரண்ட் கட், நெட் கட். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இங்கே வழக்கம். எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தத் தெரு என்று முந்தின நாளே பேப்பரில் வரும். பெரும்பாலும் காலையில் தொடங்கி பிற்பகல் வரை இருக்கும். காலையில் பேப்பர் பார்க்கும் அப்பாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றும் சாதாரண இன்வெர்ட்டரும் இருந்தால் லேப்டாப், மானிட்டர், ஒரு ஃபேன், ரவுட்டர் (நெட் பாக்ஸ்) ஆகியவற்றை ஐந்தாறு மணி நேரம் இழுக்கும். அதில் ஃப்ரிட்ஜை மாட்டிவிட்டால் இழுக்காது. இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், கஸ்டமர் கால் அதற்குள் போய்விடும். ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான 12 வோல்ட் யூ.பி.எஸ். விற்கிறார்கள், அதை நடுவில் மாட்டிவிட்டால் அணையாது. வாங்கும்முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் மறக்கும் இடம் இது: உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் நெட் வராது. ஏனென்றால் தெருமுனையில் இருக்கும் ஆபரேட்டரின் பெட்டிக்கு பேட்டரி இல்லை. கனெக்‌ஷன் வாங்கும்போதே, "கரண்ட் போனா நெட் எவ்வளவு நேரம் நிக்கும்ணே?" என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். கேபிள் நெட் ஒரு கம்பெனி என்றால் செல்போன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கக் கிராமங்களில் எந்த சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறது என்பதை ஒரு வாரம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆடி மாதம் முழுக்கக் கோயில் மைக். மீட்டிங்கில் என்ன செய்ய?

நல்ல ஹெட்செட், மைக்கை மியூட்டில் வைக்கும் பழக்கம், ஜன்னல் சாத்திய உள் அறை. ஒலிபெருக்கி விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடங்களில் மைக் போடக் கூடாது. பகலில் கூழ் ஊற்றும் நாளில் அனுசரித்துத்தான் போக வேண்டும். டீமிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சென்னைக் கம்பெனியின் காலண்டரில் அது இருக்காது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதில்தான் பேச இடமிருக்கிறது. எங்கள் டீமில் இரண்டு நாட்களை அவரவர் ஊருக்கு விட்டுவிட்டோம். அவனியாபுரத்துக்காரர் பொங்கலன்று ஜல்லிக்கட்டுக்குப் போகிறார், அலங்காநல்லூர்க்காரர் காணும் பொங்கலன்று போகிறார், நான் சித்திரையில் எடுக்கிறேன். வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் போட்டுவிட்டால் யார் வேலையும் கெடுவதில்லை.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று இரவெல்லாம் விழித்துவிட்டு மறுநாள் காலை மீட்டிங்கில் உட்காரலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

இன்டர்வியூவிலேயே கம்பெனியின் கலாச்சாரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 'நாங்க ஒரே குடும்பம் மாதிரி' என்பதைக் காதில் வாங்காமல், நடைமுறையைக் கேளுங்கள். "போன வாரம் உங்கள் டீம் எடுத்த ஒரு முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். உடனே ஒரு பக்கத்தைச் சொன்னால் நல்லது. "அது காரிடார்ல பேசினோம்" என்றால், காரிடாரில் இல்லாத உங்களுக்கு எதுவும் தெரியவராது. கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் ஆபீசில் இருப்பவரா, வீட்டிலிருப்பவரா? மேனேஜர் போன முறை லீவு போட்டபோது போனை அணைத்து வைத்திருந்தாரா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலைவிட, பதிலுக்கு முன் வரும் தயக்கம் அதிகம் சொல்லும்.

கம்ப்யூட்டரில் கண்காணிப்பு சாஃப்ட்வேர் போடுகிறார்கள். சரியா?

கம்பெனி லேப்டாப்பில் பாதுகாப்புக்காகச் சில போடுவார்கள், அதில் தவறில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்கிரீனைப் படமெடுப்பதும், மவுஸ் அசைவை எண்ணுவதும், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் நிர்வாகம் தன் வேலையைச் செய்யாததன் அடையாளம். என்ன வேலை முடிய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மவுஸ் கணக்கு தேவைப்படாது. உங்கள் சொந்த லேப்டாப்பிலோ போனிலோ அதைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும் கருவி அது.

கண்ணில் படாதவனுக்குப் பதவி உயர்வு கிடைக்குமா?

ஆபீசில் பாதிப்பேர், வீட்டில் பாதிப்பேர் என்று இருக்கும் இடத்தில் சிரமம்தான். வாரக் கடைசியில் என்ன முடித்தேன், எது சிக்கியிருக்கிறது, அடுத்து என்ன என்று ஐந்து வரி எழுதி மேனேஜருக்கு அனுப்புங்கள். அப்ரைசல் நேரத்தில் அந்த ஐம்பது மெயில்கள்தான் உங்களுக்காகப் பேசும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய் வாருங்கள். சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுகிறது. போகிற நாளில் லேப்டாப்பைத் திறந்து மூலையில் உட்காராதீர்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். டீமோடு சாப்பிடுங்கள், பேசுங்கள்.

மதுரையில்தானே இருக்கிறாய் என்று சம்பளத்தைக் குறைக்கிறார்கள்.

செய்யும் வேலை அதே என்றால் சம்பளமும் அதேதான் என்பது என் கருத்து. உங்கள் வாடகை மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டியது. கம்பெனிக்கும் நீங்கள் உட்கார ஒரு இடத்தின் வாடகை மிச்சமாகிறது என்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். ஆனாலும் பேரத்தில் எல்லாமே கிடைக்காது. சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேலை நேரத்தை எழுத்தில் வாங்க முடிந்தால், குழந்தை உள்ளவர்களுக்கு அது நல்ல பேரம்தான்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெங்களூரு வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய வாடகை ரசீதையே காட்டிக்கொண்டிருப்பது தவறு. அப்பா வீட்டில் இருந்தால் அவருக்கு உண்மையாகவே வங்கி வழியாக வாடகை கொடுத்து, அவரும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால், பழைய வரிமுறையில் சலுகை கேட்கலாம். புதிய வரிமுறையில் அந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனி 'கான்ட்ராக்டர்' என்று எடுக்கிறது. கையில் வருவது அதிகம். சேரலாமா?

கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கான்ட்ராக்டருக்கு பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, பேறுகால விடுப்பு கிடையாது, மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டும். வரியையும் நீங்களே முன்கூட்டிக் கட்ட வேண்டும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வரும். ஒரு ஆடிட்டரை முதல் மாதமே பாருங்கள், மார்ச் மாதம் போய் நிற்காதீர்கள்.

மீதி நேரத்தில் இன்னொரு கம்பெனிக்கும் வேலை பார்க்கலாமா?

ஒப்பந்தத்தில் தடை இருந்தால் கூடாது. 2022-இல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியது. பி.எஃப். கணக்கில் ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் விழுந்தால் தானாகவே தெரிந்துவிடும். எழுதுவது, பாடம் எடுப்பது போன்றவற்றுக்கு அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

வீட்டில் இடமே இல்லை. மதுரையில் எங்கே போய் வேலை பார்ப்பது?

மேசைக்கு மாத வாடகை தரும் கோ-வொர்க்கிங் இடங்கள் கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் இருக்கின்றன. சேரும்முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், கால் பேச மூடிய அறை உண்டா என்று கேளுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் படிக்கவும் அமைதியாக எழுதவும் அருமையான இடம்; கால் பேச அங்கே போகக் கூடாது. ஆபீஸ் சூழலே வேண்டும், ஆனால் ஊரை விட மனமில்லை என்றால், இலந்தைக்குளம், வடபழஞ்சியில் உள்ள அரசின் எல்காட் ஐ.டி. வளாகங்களில் இருக்கும் கம்பெனிகளையும் தேடிப் பாருங்கள்.

'வீட்டிலிருந்தே மாதம் 40,000' என்று டெலிகிராமில் வருகிறதே?

வேண்டாம். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், 'டாஸ்க்' முடிக்க முன்பணம் எல்லாம் ஒரே வகை மோசடி. இன்னொரு வகையும் நம் ஊர்களில் ஓடுகிறது: டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, பத்து நாள் கழித்து 'நீங்கள் செய்ததில் பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் கேட்பார்கள். பயந்துபோய்க் கட்டுபவர்கள் பலர் இல்லத்தரசிகளும் கல்லூரிப் பிள்ளைகளும்தான். கட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வருடம்தான் கல்லூரி முடித்தேன். முதல் வேலையே வீட்டிலிருந்து பார்க்கலாமா?

முடிந்தால் வேண்டாம் தம்பி. முதல் ஒன்றிரண்டு வருடம் ஆபீசுக்குப் போ. பக்கத்து நாற்காலிக்காரர் கஸ்டமரிடம் எப்படிப் பேசுகிறார், தப்பு நடந்தால் எப்படிச் சரிசெய்கிறார் என்பதைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஸ்கிரீன் வழியாக அது பாதிதான் வரும். குடும்பச் சூழ்நிலையால் போக முடியாது என்றால், தினமும் அரைமணி நேரம் உன்னோடு உட்காரும் ஒரு சீனியரைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கு.

பேச ஆளில்லாமல் ஒரு மாதிரி இருக்கிறது. உடம்பும் ஏறிக்கொண்டே போகிறது.

சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானத்தையோ, திருப்பரங்குன்றத்தில் மலையையோ ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். வாரத்தில் ஒரு நாள் இதே வேலையில் இருக்கும் யாரோடாவது டீ குடியுங்கள். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஓடினால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அம்மா அப்பாவோடு இருக்கத்தான் மதுரைக்கு வந்தேன். ஆனால் நான் எழும்போது அவர்கள் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் பேச உட்காரும்போது எனக்கு மீட்டிங். என்ன செய்ய?

இப்படி எழுதியவர்கள் எல்லாருமே அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவர்கள். முதலில், இப்போதைய வேலையிலேயே ஷிஃப்டை முன்னால் இழுக்க முடியுமா என்று பாருங்கள். போன மாதத்து மீட்டிங்குகளில் நீங்கள் வாய் திறந்து பேச வேண்டியிருந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்குக் கீழ் என்றால், மீதியை ரெக்கார்டிங் பார்த்துக்கொள்கிறேன், பதிலை எழுதி வைத்துவிடுகிறேன், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை இருக்கிறேன், ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார்ப்போம் என்று மேனேஜருக்கு எழுதுங்கள். 'நிரந்தரமாக மாற்றுங்கள்' என்பதைவிட 'ஒரு மாதம் பார்ப்போம்' என்பதற்குச் சம்மதம் எளிதில் வரும். அந்த மாதம் வேலை எதுவும் நிற்காமல் பார்த்துக்கொண்டால், திரும்ப மாற்ற யாருக்கும் காரணம் இருக்காது.

மறுத்துவிட்டால், ஐரோப்பா, துபாய், சிங்கப்பூர் நேரத்தில் வேலை தரும் கம்பெனிகளைத் தேடத் தொடங்குங்கள். கையில் இருக்கும் வேலையை உடனே விட வேண்டாம். தேடும்போது முதல் போனிலேயே வேலை நேரத்தைக் கேளுங்கள், சம்பளத்தைப் பிறகு கேட்கலாம்.